சைலன்சரை மாற்றிய பின் இன்ஜெக்ஷன் பைக்கின் ஈசீயூ எதைத் திருத்தும், எதைத் திருத்தாது?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கும் வரை, இலங்கையில் பெரும்பாலானோர் கையில் இருந்த மோட்டார் சைக்கிளையே திருத்தித் திருத்தி ஓடினார்கள். துருப்பிடித்து ஓட்டை விழுந்த சைலன்சரைக் கழற்றிவிட்டுப் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் கிடைத்ததைப் பூட்டியவர்கள் உண்டு. சத்தத்துக்காகவோ எடைக் குறைவுக்காகவோ மாற்றியவர்களும் உண்டு. இரு தரப்பினருக்கும் கராஜ்களில் இரண்டு முரணான பதில்கள் கிடைக்கின்றன. "இன்ஜெக்ஷன் பைக் என்றால் தானாகவே சரிசெய்துகொள்ளும், ஒன்றும் செய்யத் தேவையில்லை" என்பது ஒன்று. "ரீமேப் செய்யாமல் ஓடினால் எஞ்சின் போய்விடும்" என்பது மற்றது. இன்ஜெக்டர் தெளிக்கும் பெற்றோலைக் கட்டுப்படுத்தும் ஈசீயூ என்ற சிறு கணினியில் உள்ள எண்களை மாற்றி எழுதுவதே ரீமேப்.

இரண்டிலும் பாதி உண்மை இருப்பதால்தான் குழப்பம் தீர்வதில்லை. எந்தக் குழாய் மாற்றப்பட்டது, ஒட்சிசன் சென்சர் இருக்கிறதா, பைக் பெரும்பாலும் எந்த வேகத்தில், எவ்வளவு த்ரொட்டிலில் (எக்ஸிலரேட்டர் திறப்பில்) ஓடுகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பின்னரே எந்தப் பாதி நமக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியும்.

கலவை விகிதம்

பெற்றோல் முழுமையாக எரிய, நிறைப்படி ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. இந்த விகிதத்தை லெம்டா 1 என்று குறிப்பார்கள். காற்று இதைவிடக் கூடினால் கலவை லீன். பெற்றோல் கூடினால் றிச்.

எஞ்சினுக்கு எல்லா நேரமும் 14.7 பொருந்துவதில்லை. சீரான மெதுவான ஓட்டத்துக்கு அது போதும். முழு த்ரொட்டிலில் அதிக வலு கிடைப்பது 12.5 முதல் 13.2 வரையான றிச் பகுதியில்தான், ஏனென்றால் அங்கு உள்ளே வந்த காற்று முழுவதும் பயன்படுவதோடு, ஆவியாகும் மிகைப் பெற்றோல் தகன அறையைச் சற்றுக் குளிரவும் வைக்கிறது. அதே முழுச் சுமையில் கலவை 14 அல்லது 15க்குப் போய்விட்டால் இழுவை குறையும், எக்ஸோஸ்ட் வால்வும் பிஸ்டன் தலையும் அதிகம் சூடாகும், நொக்கிங், அதாவது கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டும் நிலை, தொடங்கவும் இடமுண்டு. லீன் ஓட்டம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை இந்தச் சுமை நிலைக்கே உரியது. ஐடிலில், அதாவது த்ரொட்டிலைத் திறக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும் நிலையில், சற்று லீனாக இருப்பதால் பிஸ்டன் உருகுவதில்லை. ஐடில் ஆடும், அவ்வளவுதான்.

ஈசீயூ பெற்றோலை எப்படிக் கணக்கிடுகிறது?

கார்கள் பலவற்றில் உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் சென்சர் உண்டு. மோட்டார் சைக்கிள்களில் அது பொதுவாக இல்லை. அதனால் ஈசீயூ காற்றின் அளவை ஊகித்தே கணக்கிடுகிறது. எஞ்சின் வேகம், த்ரொட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, உள்வாங்கும் குழாயின் அமுக்கம், காற்றின் வெப்பநிலை, எஞ்சினின் வெப்பநிலை ஆகியவற்றைச் சென்சர்கள் மூலம் வாசித்து, தன்னுள் எழுதப்பட்டுள்ள ஓர் அட்டவணையில் உரிய கட்டத்தைத் தேடி, இன்ஜெக்டரை எத்தனை மில்லி செக்கன் திறந்து வைப்பது என்று முடிவுசெய்கிறது. மேப் என்று கராஜ்களில் சொல்லப்படுவது இந்த அட்டவணையைத்தான்.

நேர அளவுகள் எவ்வளவு சிறியவை என்பதை ஓர் உதாரணத்தால் பார்க்கலாம். 6,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில், நான்கு அடிப்பு எஞ்சினின் ஒரு முழுச் சுற்றுவட்டம் 20 மில்லி செக்கனில் முடிந்துவிடுகிறது. இன்ஜெக்டர் ஐடிலில் 2 மில்லி செக்கன் அளவும், முழுச் சுமையில் அதைப்போலப் பல மடங்கும் திறந்திருக்கும். பம்ப் பெற்றோலின் அமுக்கத்தை ஏறத்தாழ 3 பார் அளவில் மாறாமல் வைத்திருப்பதால், திறந்திருக்கும் நேரமே பெற்றோலின் அளவாகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த அட்டவணையின் ஒவ்வொரு எண்ணும் தொழிற்சாலையில், அந்த மொடலின் சொந்த எயார் பில்டரையும் சொந்தக் குழாயையும் பூட்டி, அளந்து எழுதப்பட்டது என்பதே. குழாய் மாறும்போது எண்கள் மாறுவதில்லை.

நுவரெலியாவுக்கு ஏறும் பயணம் இதைத் தெளிவாக்கும். கொழும்பு கடல் மட்டத்தில் இருக்கிறது. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கு காற்றமுக்கம் கொழும்பில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காபரேட்டர் பைக் அங்கு றிச்சாகி, இழுவை குறைந்து திணறும். இன்ஜெக்ஷன் பைக் அமுக்கத்தைச் சென்சரால் உணர்ந்து பெற்றோலைக் குறைத்துக்கொள்ளும். இதை அனுபவித்தவர்கள், குழாய் மாற்றத்தையும் பைக் அப்படியே உணரும் என்று நம்புவது இயல்பு. ஆனால் மலையின் உயரத்தை உணர ஈசீயூவிடம் ஒரு சென்சர் இருப்பதைப்போல, புதிய குழாயினால் சிலிண்டருக்குள் கூடுதலாக எவ்வளவு காற்று வந்தது என்பதை அறிய ஒரு சென்சர் இல்லை. விளைவை மட்டும், அதுவும் சில நிலைகளில் மட்டும், பின்னால் இருந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. அது ஒட்சிசன் சென்சர். அதைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

குழாய் உண்மையில் என்ன செய்கிறது?

சைலன்சரைப் புகை வெளியேறும் வழியாக மட்டும் பார்ப்பவர்கள், வழி எவ்வளவு அகலமோ அவ்வளவு வலு என்று எண்ணுகிறார்கள். இதற்கு எதிராக, "எஞ்சினுக்குப் பின்னமுக்கம் தேவை" என்ற வாதமும், அதாவது குழாய் புகையைச் சற்றுத் தடுக்க வேண்டும் என்பதும், பரவலாக இருக்கிறது. இரண்டும் பிழை. எந்த நான்கு அடிப்பு எஞ்சினுக்கும் பின்னமுக்கம் நன்மை செய்வதில்லை. அகலமான குழாயில் கீழ் வேகத்து இழுவை குறைவதற்குக் காரணம் வேறு.

எக்ஸோஸ்ட் வால்வு திறந்தவுடன் ஓர் அமுக்க அலை குழாய் வழியே ஓடுகிறது. குழாய் திடீரென விரியும் இடத்தை அல்லது திறந்த முனையை அடைந்ததும், அது உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வருகிறது. இரண்டு வால்வுகளும் ஒரே நேரத்தில் சற்றுத் திறந்திருக்கும் அந்தக் குறுகிய இடைவெளியில் அது வால்வை வந்தடைந்தால், மிச்சப் புகையை வெளியே இழுத்துப் புதிய காற்றையும் உள்ளே இழுக்கும்.

சூடான புகையில் அலையின் வேகத்தைச் செக்கனுக்கு 500 மீற்றர் என்று எடுத்துக்கொள்வோம். ஒரு மீற்றர் நீளமான குழாயில் அலை போய்த் திரும்ப 4 மில்லி செக்கன் ஆகும். 9,000 ஆர்பிஎம்மில் அந்த நேரத்துக்குள் கிராங்க் 216 பாகை சுழல்கிறது. வழக்கமான வால்வு நேரங்களோடு ஒப்பிட்டால், இது இரண்டு வால்வுகளும் திறந்திருக்கும் தருணத்துக்கு அண்மையானது. அதே குழாயில் 6,000 ஆர்பிஎம்மில் கிராங்க் 144 பாகைதான் சுழன்றிருக்கும். அலை முன்னதாகவே வந்து வீணாகிவிடும். உண்மையான குழாயில் அலை பல தடவை பிரதிபலிப்பதால் கணக்கு இதைவிடச் சிக்கலானது, ஆனால் முடிவு இதுதான்: குழாயின் நீளமும் விட்டமும் மாறினால் காற்று நிரம்பும் அளவு சில வேகங்களில் கூடும், சிலவற்றில் குறையும். ஆகவே, "எல்லா இடத்திலும் 5 சதவீதம் பெற்றோல் கூட்டிவிட்டேன்" என்ற வேலை ஒரு வேகத்தில் பொருந்தினாலும் இன்னொரு வேகத்தில் பொருந்தாது.

இதிலிருந்து எந்த மாற்றம் சிறியது, எது பெரியது என்பது தெளிவாகிறது.

1. பின்முனைச் சைலன்சரை மட்டும் மாற்றுவது, அதாவது ஸ்லிப்-ஓன். சிலிண்டர் தலையிலிருந்து சைலன்சர் வரை வரும் பென்ட் பைப், ஒட்சிசன் சென்சர், புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கெட்டலிட்டிக் கன்வேர்ட்டர் ஆகியவை பழைய இடத்திலேயே இருந்தால் கலவையில் ஏற்படும் மாற்றம் பெரும்பாலும் சிறியது.

2. அதே சைலன்சரின் உள்ளே இருக்கும் சத்தம் குறைக்கும் குழலைக் கழற்றுவது. இது அற்ப விடயம் என்று பலர் நினைக்கிறார்கள். அலை திரும்பும் இடத்தையே மாற்றிவிடுவதால் சில பைக்குகளில் சைலன்சரை மாற்றியதைவிடவும் கூடிய விளைவு இதில் தெரியும்.

3. பென்ட் பைப்போடு சேர்த்து முழுத் தொகுதியையும் மாற்றுவது. நீளம், விட்டம், சென்சரின் இடம், கன்வேர்ட்டர் எல்லாமே மாறுகின்றன. அளக்காமல் விடக் கூடாத நிலை இது. எயார் பில்டரையும் திறந்த வகைக்கு மாற்றியிருந்தால் தொழிற்சாலை அட்டவணையில் நம்பிக்கை வைப்பதற்கு இடமே இல்லை.

"தானாகச் சரிசெய்யும்" என்பதன் எல்லை

பைக்குகளில் வழக்கமாக இருக்கும் ஒட்சிசன் சென்சர், புகையில் மிச்ச ஒட்சிசன் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். கலவை லீன் என்றால் 0.1 வோல்ற் அளவிலும், றிச் என்றால் 0.9 வோல்ற் அளவிலும் காட்டும், 0.45 வோல்ற்றைச் சுற்றியே 14.7 இருக்கிறது. எவ்வளவு லீன், எவ்வளவு றிச் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடான பின்னரே அது வேலை செய்யும்.

ஈசீயூ இந்தச் சமிக்ஞையைப் பார்த்துப் பெற்றோலைச் சிறிது கூட்டியும் குறைத்தும் 14.7ஐச் சுற்றி நிற்கிறது. இதற்கு குளோஸ்ட் லூப் என்று பெயர். ஐடிலிலும், சீரான வேகத்தில் குறைந்த த்ரொட்டிலில் ஓடும்போதும் இது நடக்கும். த்ரொட்டிலை வேகமாகத் திறந்தவுடன், அல்லது பெருமளவு திறந்து பிடித்திருக்கும்போது, ஈசீயூ சென்சரைக் கேட்பதை நிறுத்திவிட்டு அட்டவணையை மட்டும் நம்பி ஓடுகிறது. அந்த நேரத்தில் தேவை 13 என்ற அளவு. அதை இந்தச் சென்சரால் அளக்கவே முடியாது. சில ஈசீயூக்கள் தாம் கற்ற நீண்டகாலத் திருத்தத்தை இந்தப் பகுதிக்கும் கொண்டுசெல்லும், சில கொண்டுசெல்லாது.

கொழும்பின் ஓட்டத்தை இதில் பொருத்திப் பார்க்கலாம். காலி வீதியில் வெள்ளவத்தைக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையில் மாலை நேரத்தில் போகும் 150 சிசி பைக், நேரத்தின் பெரும்பகுதியைக் குளோஸ்ட் லூப்பிலேயே கழிக்கிறது. அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியும் இல்லை. ஸ்லிப்-ஓன் மட்டும் பூட்டி நகருக்குள் வேலைக்குப் போய் வருபவருக்கு "ஒன்றும் செய்யத் தேவையில்லை" என்ற பதில் பெரும்பாலும் சரியாவது இதனால்தான். அதே பைக்கில் முழுத் தொகுதியை மாற்றிவிட்டு, பின்னால் ஒருவரையும் பையையும் ஏற்றிக்கொண்டு வவுனியாவைத் தாண்டி ஏ9 வீதியில் யாழ்ப்பாணம் வரை த்ரொட்டிலைப் பெருமளவு திறந்து பிடிப்பவருக்கு இரண்டாவது பதிலே பொருந்தும்.

அட்டவணையைத் தொடுவதற்கு முன்

இங்கேதான் அதிகமான பிழைகள் நடக்கின்றன. இங்கேதான் மிகக் குறைந்த செலவில் அதிக நன்மையும் கிடைக்கிறது.

முதலில் கசிவு. சிலிண்டர் தலைக்கும் பென்ட் பைப்புக்கும் இடையில் ஒரு வளையம் இருக்கிறது. செப்பாலோ கிராபைட்டாலோ ஆன அந்த வளையம், முதல் தடவை இறுக்கும்போது நசுங்கித் தன் இடத்துக்கு ஏற்ப வடிவம் எடுத்துக்கொள்ளும். ஒரு தடவை நசுங்கியதைக் கழற்றித் திரும்பப் பூட்டினால் அதே இறுக்கம் கிடைக்காது. கழற்றிய வளையத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள்: சீராக நசுங்கியிருந்தால் சுற்றிலும் ஒரே பளபளப்பு இருக்கும், ஒரு பக்கத்தில் மட்டும் கறுப்புப் புகைக்கோடு குறுக்கே ஓடியிருந்தால், அந்த இடத்தில் நெடுநாளாகக் கசிந்திருக்கிறது. புதிய குழாய்க்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டுப் பழைய வளையத்தையே பூட்டுவது வருத்தத்துக்குரிய வழக்கம்.

கசிவினால் புகை வெளியே போவது மட்டும்தான் நடக்கிறது என்றால் சத்தத்தோடு பிரச்சினை முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு அமுக்க அலைக்கும் பின்னால் உறிஞ்சும் அலை வருவதால், அதே துளை வழியாக வெளிக் காற்று உள்ளே நுழைகிறது. சற்றுத் தள்ளி இருக்கும் ஒட்சிசன் சென்சர் அந்தக் காற்றின் ஒட்சிசனை எஞ்சினில் எரியாமல் மிஞ்சியதாக எண்ணி, லீன் என்று அறிவிக்கிறது. ஈசீயூ பெற்றோலைக் கூட்டுகிறது. எஞ்சின் உண்மையில் றிச்சாகிறது, பிளக் கறுக்கிறது, லீற்றருக்குக் கிடைக்கும் தூரம் குறைகிறது. த்ரொட்டிலை மூடும்போது சைலன்சரில் படபடவென்று வெடிச் சத்தமும் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு லீன் என்று தீர்மானிப்பவர், மேலும் பெற்றோலைக் கூட்டும் கருவியைப் பூட்டிவிடுகிறார். 2022இல் கியூஆர் எரிபொருள் பங்கீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் மட்டுமே கிடைத்த காலத்தை நினைத்தால், ஒரு வளையத்தின் விலை எவ்வளவு அற்பமானது என்பது விளங்கும்.

சோதிப்பது எளிது. எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது இணைப்புகளில் சவர்க்கார நீரைத் தடவி, ஸ்டார்ட் செய்து, குழாய் சூடாகும் முன்னர் தடித்த துணியால் சைலன்சரின் வாயைப் பாதியளவு மறைத்தால், கசியும் இடத்தில் குமிழி வரும். அடைப்பதற்குச் சாதாரண சிலிக்கோன் பசையைப் பயன்படுத்தக் கூடாது; அதன் ஆவி ஒட்சிசன் சென்சரைக் கெடுத்துவிடும்.

இரண்டாவது, சென்சரின் இடம். புதிய பென்ட் பைப்பில் அதற்கான துளை பழைய தூரத்துக்கு அண்மையில் இருக்க வேண்டும். மிகத் தள்ளி வைத்தால் சென்சர் போதிய அளவு சூடாகாது. கீழ்ப் பக்கம் பார்த்திருந்தால் குழாயில் சேரும் நீர் அதில் தேங்கும். துளையே இல்லாத குழாயை வாங்கிவிட்டுச் சென்சரைக் கழற்றித் தொங்கவிடுபவர்கள், எஞ்சினின் ஒரே கண்ணைக் கட்டிவிடுகிறார்கள். எச்சரிக்கை விளக்கும் எரியும்.

மூன்றாவது, எயார் பில்டரின் தூசி, பிளக், வால்வு இடைவெளி, பற்றரியின் வோல்ற்றளவு. இவை பிழையாக இருக்கும்போது அளந்தால், அந்தப் பிழைகளுக்கே டியூன் செய்ததாகிவிடும்.

மூடிய த்ரொட்டிலில் வரும் வெடிச் சத்தம் பற்றி ஒரு வார்த்தை. கசிவைத் தவிர, புகைக்குள் சுத்தமான காற்றைச் செலுத்தி மிச்சப் பெற்றோலை எரிக்கும் துணைக் காற்றமைப்பும் இதற்குக் காரணமாகலாம். திறந்த சைலன்சரில் முன்பும் நடந்த அதே எரிதல் இப்போது காதில் விழுகிறது. இலேசான சத்தம் மட்டும் இருந்தால் அது நோயின் அறிகுறியாகாது.

அளப்பதும் திருத்துவதும்

சரியாக டியூன் செய்ய வைட்பாண்ட் சென்சர் வேண்டும். பொஷ் நிறுவனத்தின் எல்எஸ்யூ 4.9 இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. இது கலவையின் சரியான விகிதத்தையே எண்ணாகக் காட்டும். பைக்கை நின்ற இடத்திலேயே ஓடவைத்து அளக்கும் டைனோ மேடையில் சுமையை நிலையாகப் பிடித்து, ஒவ்வொரு வேகத்திலும் ஒவ்வொரு த்ரொட்டில் நிலையிலும் எண்ணைப் பதிய வேண்டும். பிளக்கின் நிறத்தைப் பார்த்துச் சொல்வது காபரேட்டர் காலத்தில் உதவிய திறமை; இன்றைய பெற்றோலில் அது பெரிய பிழையை மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

ஒரே ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். 5,000 ஆர்பிஎம், 60 சதவீத த்ரொட்டில். அளந்த விகிதம் 14.0, தேவை 13.0. 14.0ஐ 13.0ஆல் வகுத்தால் 1.077. அதாவது அந்தக் கட்டத்தில் 7.7 சதவீதம் பெற்றோலைக் கூட்ட வேண்டும். கூட்டிவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். பக்கத்துக் கட்டத்தில் விகிதம் 12.6 ஆக இருந்தால் அங்கே ஏறத்தாழ 3 சதவீதம் குறைக்க வேண்டியிருக்கும். இப்படிக் கட்டம் கட்டமாகப் போவதுதான் டியூனிங். பொத்தானை அழுத்தி முடிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

உயர் வேகத்தில் இன்ஜெக்டரின் எல்லையையும் பார்க்க வேண்டும். 10,000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுவட்டம் 12 மில்லி செக்கன் மட்டுமே. இன்ஜெக்டர் அதில் 10 மில்லி செக்கன் திறந்திருந்தால் 83 சதவீதத்தை எட்டிவிட்டது. அதற்கு மேல் கூட்ட இடம் அதிகம் இல்லை.

திருத்துவதற்கான வழிகள்:

1. பிகிபேக் பெட்டி. ஈசீயூவுக்கும் இன்ஜெக்டருக்கும் இடையில் பூட்டப்பட்டு, திறக்கும் நேரத்தைக் கூட்டியோ குறைத்தோ அனுப்புகிறது. கழற்றினால் பைக் பழைய நிலைக்குத் திரும்பும் என்பது இதன் பெரிய வசதி. குளோஸ்ட் லூப் பகுதியில் பெட்டி கூட்டுவதை ஈசீயூ குறைத்துக்கொண்டே இருக்கும் என்பதால், அந்தப் பகுதியைத் தொடாமல் விடுவதே நல்லது.

2. ஈசீயூவில் உள்ள அட்டவணையையே மாற்றி எழுதுவது. மிகச் சுத்தமான வழி. பற்றவைக்கும் நேரத்தையும் மாற்றலாம் என்பதால் மிகக் கவனமும் தேவை. 95 ஒக்டேனில் டியூன் செய்து முன்னகர்த்திய நேரம், 92 ஒக்டேன் நிரப்பிய நாளில் நொக்கிங் தரலாம். எழுதுவதற்கு முன் பழைய கோப்பின் பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. வேறு ஈசீயூவைப் பூட்டுவது. போட்டிப் பைக்குகளுக்கு உரியது. தினசரி ஓட்டத்துக்கு அவசியமில்லை.

காற்று வெப்பநிலைச் சென்சரின் வயரில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்து, காற்று குளிராக இருப்பதாக ஈசீயூவை நம்பவைக்கும் மலிவான வழியும் விற்கப்படுகிறது. அது எல்லாக் கட்டங்களிலும் ஒரேயளவு பெற்றோலைக் கூட்டும். குழாயின் விளைவு கட்டத்துக்குக் கட்டம் வேறுபடும் என்பதை மேலே பார்த்தோம். ஆகவே இதைப் பரிந்துரைக்க முடியாது.

கன்வேர்ட்டர், புகைச் சான்றிதழ், சத்தம்

முழுத் தொகுதியை மாற்றும்போது கன்வேர்ட்டர் பெரும்பாலும் போய்விடுகிறது. காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும் மாற்றிவிடும் பொருள் அது. வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வருடந்தோறும் பெற வேண்டிய புகைப் பரிசோதனைச் சான்றிதழில் இவை இரண்டுமே அளக்கப்படுகின்றன. கன்வேர்ட்டரை வைத்துக்கொண்டு கலவையை மிகையாக றிச் ஆக்குவதும் கேடுதான்: எரியாத பெற்றோல் கன்வேர்ட்டருக்குள் எரிந்து அதை அளவுக்கு மீறிச் சூடாக்கி, உள்ளே இருக்கும் தேன்கூட்டு அமைப்பை உருக்கி அடைத்துவிடும். சத்தம் கூடிய சைலன்சர்கள் பொலிஸ் நடவடிக்கைக்கும் உட்பட்டவை. ஆகவே பழைய தொகுதியை விற்றுவிடாமல் எண்ணெய் பூசிச் சுற்றி வைப்பது நல்லது.

டியூன் முடிந்த பின், பற்றரியைக் கழற்றிப் பூட்டினால் சில பைக்குகளில் ஈசீயூ கற்றுவைத்த திருத்தங்கள் அழிந்து, மீண்டும் கற்கச் சிறிது தூரம் ஓட வேண்டியிருக்கும். இரண்டு டாங்க் பெற்றோலுக்குக் கிடைக்கும் கிலோமீற்றரை எழுதிப் பார்த்து, மாற்றத்துக்கு முந்திய எண்ணோடு ஒப்பிடுங்கள். நகர ஓட்டத்தில் கிலோமீற்றர் கணிசமாகக் குறைந்திருந்தால், மேப்பைத் திரும்பத் திறப்பதற்கு முன் சவர்க்கார நீரோடு அந்த வளையத்தின் பக்கம் ஒரு தடவை போய் வர வேண்டும்.